தாய் பெயர்க் கட்டம்

ராணிப்பேட்டை கண்டோன்மென்ட் கோயில் அலுவலகத்தில்
காலை பத்தேகாலுக்கு
மின்விசிறிக் காற்று எட்டாத நாற்காலியாகப் பார்த்து
உட்கார்ந்தார் கிளெமென்ட் தோர்ன்பி.
யார்க்ஷயரில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர்.
சுருட்டிக் கொண்டுவந்த வம்ச வரைபடத்தை விரித்தால்
மேசை போதவில்லை.
நான் எழுத்தர், ஷெர்லின்.
இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றார்.
வாரப் பத்திரிகையிலிருந்து,
அப்பா பார்த்து வைத்தது என்றேன்.

தேடி வந்தது லாடம் அடித்தவரை.
சாமுவேல் தோர்ன்பி, குதிரைப்படை,
அடக்கம் 1831 மே.

பீரோவைத் திறந்தேன். நாப்தலின் உருண்டை,
வேப்பிலைச் சருகு, இரண்டையும் மீறிச் செல்.
பதிவேட்டு முதுகில் வட ஆற்காடு என்ற பொன்னெழுத்தில்
வட உதிர்ந்து ஆற்காடு மிச்சம்.
அந்த வருஷம் முழுக்க
காய்ச்சல், காய்ச்சல், பேதி, காய்ச்சல்,
குதிரை உதைத்து ஒருவர்,
காய்ச்சல்.
ஒரு குழந்தை, வயது மூன்று மணி நேரம்.
நாற்பத்தேழாம் பக்கத்தில் சாமுவேல்,
இருபத்தாறு வயது, அதே காய்ச்சல்.
அவர் விரலை வைத்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

கல்லறைக்குக் கூட்டிப் போனேன்.
தோல் ஷாப்புச் சுவரை ஒட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு,
சீமைக்கருவேல முள்ளை விலக்கி.
கல் இருந்தது. பெயர் இல்லை.
ஈயத்தில் வார்த்துப் பதித்த எழுத்துகளாம்.
பாலாற்றில் தண்ணீர் ஓடிய நாளில்
வலைக்குக் கனம் வேண்டுமென்று
ஒவ்வொன்றாய்ப் பெயர்த்துப் போய்விட்டார்கள்.
ஆற்றில் விழுந்தவை மணலோடு லாரி ஏறி
எந்த ஊர்க் கூரையில் இருக்கின்றனவோ.
எழுத்துக்கு மூன்று, நான்கு என்று
முளை இறக்கிய துளைகள் மட்டும்.
அவர் குனிந்து எண்ணினார்.
கணக்கு சரியாக வருகிறது என்றார்.

திரும்பி வந்து ஞானஸ்நானப் பதிவு.
1829. ஆன், சாமுவேலின் மகள்.
அவள் கப்பலேறியதால்தான்
இவர் வரைக்கும் வந்திருக்கிறது கிளை.
வரைபடத்தில் ஆனுக்கு மேலே
ஒரு பக்கம் சாமுவேல்,
மறு பக்கம் பென்சிலில் போட்ட வெறும் வட்டம்.

தாய் பெயர்க் கட்டத்தில்
சுதேசிப் பெண் என்று ஆங்கிலத்தில்
பாதிரியார் கை.
அதன் கீழே வேறு மை, வேறு கை,
உபதேசியாரோ யாரோ,
தமிழில் ஏதோ எழுதி
அடித்து, அடித்ததன் மேலும் அடித்து.
பூதக்கண்ணாடியில்
இரண்டு தலையும் முட்டப் பார்த்தோம்.
கோட்டுக்கு வெளியே தப்பியது கடைசி எழுத்து ஒன்று.
ள்.
இல்லை, ள.
தலையில் இருப்பது புள்ளியா
செல் போட்ட துளையா
என்னால் சொல்ல முடியவில்லை.

இதில் தொடங்கும் பெயர்கள் என்னென்ன என்றார்.
இதில் எங்களுக்கு எந்தச் சொல்லும் தொடங்காது.
முடியும் பெயர்கள்?
குப்பம்மாள், பாப்பம்மாள், ராக்கம்மாள், தாயாரம்மாள்...
எழுதிக்கொண்டே வந்தவர்
பேனாவை மூடினார்.
நான் சொல்லாமல் விட்டது:
அது பெயராகவே இருக்க வேண்டும் என்றில்லை.
வந்தாள். பெற்றாள்.
பிள்ளையைத் தரமாட்டேன் என்றாள்.
இங்கே ஒருத்தி எது செய்தாலும்
அதில்தான் முடியும்.

சான்று நகலுக்குக் கட்டணம் இருநூறு.
கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி நகராது,
ஒற்றை எழுத்தையும் ஏற்காது.
ஒரு கோடு போட்டு ஏமாற்றி அச்செடுத்து,
கோட்டின் மேல் கையால் எழுதினேன்.
புள்ளியும் வைத்தேன்.
ஆயர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

முத்துக்கடையிலிருந்து ஆட்டோ வரும்வரை
வாசலில் நின்று சொல்லிப் பார்த்தார்.
ல் என்றுதான் வந்தது.
நாக்கை மடக்குங்கள்,
மேலே, இன்னும் உள்ளே.
நான்காம் தடவை ஏறக்குறைய வந்துவிட்டது.
விட்டுவிடக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ,
எங்க சார் போகணும் என்ற ஆட்டோக்காரரிடமும்
அதையே சொன்னார்.