அடித்த வரி

மேலூர்த் தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் ஜெயக்கொடி.
பட்டா, சாதிச் சான்று, இறப்புச் சான்று
எல்லாம் அவள் மெஷினின் பச்சை வெளிச்சத்தில்
ஒருமுறை குளித்துத்தான் வெளியேறும்.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அன்றைக்குக் காதில் விழுந்ததைப்
போனில் எழுதிப் போடுவாள்:
எந்த வாய்க்காலில் தண்ணீர் எட்டவில்லை,
எந்த ரேஷன் கடைத் தராசு பொய் சொல்கிறது,
யார் கையெழுத்துக்கு இப்போது என்ன விலை.

நான் பகுதிநேர நிருபர்.
பத்தியை அளந்து காசு தருவார்கள்.
இருபத்திரண்டு வருடமாக
பஸ் ஸ்டாண்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும்
டீ வாங்கிக் கொடுத்துச் செய்தி வாங்கியவன்
இப்போது வீட்டில் படுத்தபடி
அவளை வாசித்துவிட்டு
'பொதுமக்கள் புகார்' என்று தலைப்பு வைக்கிறேன்.
மதுரை டெஸ்க்கில் கேட்பார்கள்:
"அந்தப் பொண்ணு இன்னிக்கி ஒண்ணும் எழுதலையாய்யா?"

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
ஆவரங்கண்மாய் மடை திறந்து
அறுபது ஏக்கர் நடவு மூழ்கியது.
பதினொன்றே காலுக்கு எழுதினாள்:
நீர்க்கட்டி சேவுகன் காசு வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்.
பதினொன்றரைக்கு அது என்னுடையது.
'கூறப்படுகிறது' என்ற ஒரு சொல்லை மட்டும்
என் பங்குக்குச் சேர்த்தேன்.
நாலு மணிக்கு மாட்டுத்தாவணியில் கட்டுப் பிரித்தபோது
சேவுகன் ஐந்தாம் பக்கத்தில் இருந்தார்.

விடிந்ததும் அவள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள்.
மடைப் பலகை மக்கி
தானாகப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது.
எழுதிய வரியை அவள் அழிக்கவில்லை.
குறுக்கே ஒரு கோடு.
கீழே: நான் எழுதியது தப்பு. போய்ப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

முந்தின வரி ஒன்பது ஊர் போயிருந்தது.
இந்த வரி
இரண்டு ஊர் தாண்டவில்லை.

சேவுகன் என் வாசலுக்குத்தான் வந்தார்.
தை அறுப்பில் அவர் பங்கு நெல் கிடையாது என்று
இரண்டு வீட்டில் இப்போதே சொல்லிவிட்டார்களாம்.
பேப்பரை நாலாக மடித்து
சட்டைப்பையில் வைத்திருந்தார்.
"போன்ல வந்தத நாளைக்கி மறந்துருவாகய்யா.
இது அச்சுல இருக்கே."
அவர் விரல் வைத்த இடத்தில்
ஈரம் பட்டு மை கொஞ்சம் கலங்கியது.

டெஸ்க்குக்கு மூன்று முறை போன் போட்டேன்.
தீபாவளி, ஜவுளிக்கடை விளம்பரம், இடமில்லை.
எட்டாம் நாள் ஒன்பதாம் பக்கத்தில்
இரண்டு வரி 'வருந்துகிறோம்' வந்தது.
யாருக்கு, எதற்கு என்பது
எனக்கே இரண்டாம் தடவை வாசித்த பிறகுதான் பிடிபட்டது.

அதற்குள் அவர் ஜெயக்கொடி கடைக்குப் போய்
அந்தக் கோடு போட்ட பக்கத்தைத்
தாளில் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார், முப்பது காப்பி.
காசு வேண்டாம் என்றாளாம்.
"ஒன் தப்பு ஒன்னோட. தாளுக்குக் காசு வாங்கிக்க" என்று
அறுபது ரூபாயை மேசையில் எண்ணி வைத்தாராம்.
அவளும் எண்ணி வாங்கினாளாம்.

டீக்கடையில், பால் சொசைட்டிச் சுவரில்,
ஒரு காதணி விழா போஸ்டர் மேல்,
மடைக்கல்லில்கூட
சோற்றைப் பிசைந்து ஒட்டியிருக்கிறார்.
வண்டியை நிறுத்தி வாசித்தேன்.
அடித்த வரி தெரிகிறது.
அடித்த கோடும் தெரிகிறது.
அவள் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறது.

தேடிப் பார்த்தேன்,
என் பெயர் இல்லை.
பசை இன்னும் காயாத ஒரு மூலையைக்
கட்டைவிரலால் அழுத்திவிட்டுக்
கிளம்பினேன்.