பார்த்தேன்

கார்த்திகை பதினாலு, வியாழன்.
பதிவேட்டில் நீல மை:
டிலான்சன், மூன்று வயது ஏழு மாதம்,
பேச்சுப் பயிற்சி, நாற்பத்தைந்து நிமிடம்.
வருகை தந்தவர் கையொப்பம், தாயின் கையொப்பம்.
எல்லாம் சரி.

அன்று படகு ஓடவில்லை.
எனக்குத் தெரியும்.
குறிகட்டுவான் இறங்குதுறையில்
காலை ஆறரைக்கு நானும் நின்றேன்,
இதே பதிவேட்டைப் பார்க்கத்தான்.
வாடை கடலைப் புரட்டிப் புரட்டி எறிந்தது.
கயிற்றடியில் நின்றவன் கையை விரித்தான்.
வெறும் மீன்பெட்டிகளோடு
யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன்.

இன்று தை வெயிலில்
தட்டையாய்க் கிடக்கிறது அதே கடல்.
நெடுந்தீவு நிலையத்தில் மூன்று பிளாஸ்டிக் கதிரை,
வாய் மூடாத முதலைப் பொம்மை,
ஒரு சிறகு ஒடிந்த மின்விசிறி.
விரலை அந்த வரியில் வைத்தேன்.
தர்சிகா தண்ணிப் போத்தலின் மூடியைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

“அண்டைக்கு தெரபிஸ்ட் மிஸ் வரேல்லைத்தான், மடம்.
போனில செய்தனாங்கள்.
அவ அங்கால இருந்து முகத்தைக் காட்டினவ.
வீடியோ நிண்டு நிண்டு வந்தது.
பிறகு தாய்தான் ஊதிக் காட்டினவ.
அடுத்த முறை வந்த உடன மிஸ் கையெழுத்து வைச்சவ.
போனில எண்டு எழுத
இதில பெட்டி இல்லை.”

இல்லைத்தான்.
படிவத்தை அச்சடித்தது எங்கள் அலுவலகம்.
கோடு போட்டது நான்.

ஜெசிந்தா ஒன்றும் பேசவில்லை.
மகனை மடியில் இருத்தி
மெல்லிய கடதாசித் துண்டொன்றை
அவன் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள்.
ப, என்றாள். கடதாசி அசைந்தது.
அவன் கடதாசியைப் பார்த்தான்,
அவள் வாயைப் பார்த்தான்,
முதலையைக் கூடப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
நெடுநேரம் உதட்டை இறுக்கி வைத்திருந்தான்.
பிறகு,
ப.

படகா, பாலா, அப்பாவில் பாதியா,
தெரியாது.
கடதாசி பறந்து
பதிவேட்டின் மேல் விழுந்தது.

இருந்தும் எழுதினேன்:
“வருகை பொய்யாகப் பதியப்பட்டுள்ளது. விளக்கம் தேவை.”
தர்சிகாவின் முகம் சுருங்கியதைக் கண்டுகொண்டே எழுதினேன்.
போன வருடம் வேறொரு பிரிவில்
ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே
ஐம்பத்திரண்டு கையொப்பங்கள் இருந்தன.
வீட்டைத் தேடிப் போனேன்.
பாயில் கிடந்தாள், கால்கள் கத்தரிக்கோலாய்ப் பின்னி.
“ஒருத்தரும் வாறேல்லையே” என்றார் தகப்பன்.
அந்த ஐம்பத்திரண்டும் நீல மைதான்.
இதையும் அதையும் பிரித்தறிய
என் பேனாவுக்குத் தெரியாது.
நான் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

மறுநாள் அலுவலகத்தில்
நெடுந்தீவுக் கோவையைத் தேடி எடுத்தேன்,
நாலாம் அலுமாரி, கீழ்த்தட்டு.
போன மாசியில் வந்த கடிதமொன்று,
தர்சிகாவின் உருண்டைக் கையெழுத்தில்:
“மாரியில் படகு நிச்சயமில்லை.
தொலைபேசி வழிப் பயிற்சியையும் பதிய
அனுமதி தந்துதவவும்.”
மூலையில் பென்சிலால் ஒரு சொல்:
பார்த்தேன்.
அதன் கீழே, அழகாய்ச் சரிந்து,
என் சுருக்கொப்பம்.

பதினொரு மாதம்.

அறிக்கைக்கு இரண்டாம் பந்தி சேர்த்தேன்.
பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
“இதை ஏன் பிள்ளை எழுதுறீர்?
தீவுக்காரியின்ர விளக்கத்தோட முடியுமே.”

ஒரு சொல் வேண்டியிருந்தது எனக்கு.
அந்தச் சொல்லுக்கு முதலில்
உதடுகளை மூட வேண்டும்.
மூடியிருந்தேன், கொஞ்சம் கூடுதலாக,
மேசையில் ஒரு தாள் விசிறிக் காற்றில் அடித்துக்கொண்டது.

“பிழை, சேர்,” என்றேன். “என்ர பிழை.”

அவர் கையெழுத்து இன்னும் வைக்கவில்லை.
ஐந்து வயதோடு எங்கள் பட்டியல் முடியும்.
டிலான்சனுக்குப் பதினைந்து மாதம் இருக்கிறது.
அதற்குள்
இன்னொரு மாரி.