இரண்டாம் பக்கத்து இருமல்

புதன்கிழமை இரவு எட்டரைக்கு
உலிஸெஸ் மருந்துக்கடையை அடைத்ததும்
பின்னறையில் நாங்கள் நாலு பேர்.
மொண்டெவிடியோவில் ஜூலை என்றால் குளிர்;
கரைச்சாலையில் அடிக்கிற காற்று
ஷட்டருக்கடியில் நுழைந்து
எங்கள் கணுக்கால்களை மோப்பம் பிடிக்கும்.

விதி ஒன்றுதான்:
இந்த வாரம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாயோ
அதைக் கொண்டு வா.
கேட்க வேண்டியதை அல்ல.
கேட்டதாகச் சொன்னால் மதிப்பார்களே, அதையும் அல்ல.

நிடியா பஸ் ஓட்டுகிறவள். போன மாதம் முழுக்க
ஒரே பராகுவே ஹார்ப் தட்டைக் கொண்டுவந்தாள்.
“இன்னுமா?” என்றால்
“இன்னும் முடியவில்லை” என்பாள்.
முப்பத்தெட்டு நிமிஷத் தட்டு.

வாஷிங்டன் (ஆம், இங்கே அப்படியும் பெயர் வைப்பார்கள்)
ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். எதுவும் பிடிக்காது அவருக்கு.
“நன்றாகப் பாடுகிறாள், அதுதான் குறை.”
“டிரம் அடிப்பவனுக்கு வீட்டில் அவசரம்.”
“உப்புப் போட மறந்துவிட்டார்கள்.”
ஆனாலும் ஒரு புதன் தவறியதில்லை.
பிடிக்காததைக் கேட்கவும்
துணை வேண்டியிருக்கிறது.

நான் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவன்.
என் கருத்துகள் பெரும்பாலும்
அடுத்த புதன்தான் வந்து சேரும்.

அன்று உலிஸெஸ் புதுப்பித்த பதிப்பு வாங்கியிருந்தான்:
ஒலிம்பியா பெர்தோமோ, தனிப் பியானோ,
ஒரு கிளப்பில் ஒரே இரவில் பதிவானது.
பழைய தட்டு எங்கள் எல்லோரிடமும் உண்டு;
என்னுடையது விவாகரத்தில் தப்பியது.
அட்டையைத் தடவித் தடவிக் காட்டினான்.
“இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள்.”

முதல் பக்கம், துடைத்த கண்ணாடி.
என் தொழிலில் அதுதான் பாராட்டு. சொல்லியும் விட்டேன்.
இரண்டாம் பக்கம், மூன்றாவது உருப்படி:
இடது கை படியிறங்கிப் போய்
ஒரு சுரத்தில் நின்றுவிடும்.
அடுத்த சுரத்துக்கு முன்னால் ஒரு பள்ளம்.
பழைய தட்டில் அந்தப் பள்ளத்தில்
யாரோ ஒருவர் இருமுவார்.

இதில் இல்லை.

நிடியா மாத்தே குவளையைக் கீழே வைத்தாள்.
“அவர் எங்கே?”
“யார்?”
“இருமினவர்.”
“மருந்துக்காரன் சொல்கிறேன், இருமல் ஒரு வியாதி.”
“அடக்கி அடக்கிப் பார்த்திருப்பார் பாவம்.
அவர் முடிக்கட்டும் என்றுதான்
அவள் அவ்வளவு நேரம் நின்றாள்.
இப்போது யாருக்காக நிற்கிறாள், சொல்?”

பத்தரைவரை சண்டை.
இசை வேறு, அறை வேறு என்றான் அவன்.
கதவில்லாத வீட்டை என்னிடம் விற்காதே என்றாள் இவள்.
இரண்டும் சரிதானே என்றேன்.
இரண்டு பேரும் என் மேல் பாய்ந்தார்கள்.

வாஷிங்டன் மட்டும் வாயே திறக்கவில்லை.
கடைசியில், “இன்னொரு தரம் போடு.”
எதையும் அவர் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

ஊசி இறங்கியது. இடது கை இறங்கியது. நின்றது.
பள்ளம் வந்தது.
வாஷிங்டன் இருமினார்.

சரியாக அங்கே. சின்னதாய், கைக்குட்டைக்குள்,
மன்னிப்புக் கேட்கும் இருமல்.
அதற்காகவே காத்திருந்ததுபோல
விழுந்தது அடுத்த சுரம்.

வேண்டுமென்றா, குளிராலா?
“கம்ப்ரஸர் தூசி” என்று கோட்டை மாட்டிக்கொண்டார்.
“பதிப்பு எப்படி?”
“பரவாயில்லை.”
பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த
ஆகப் பெரிய புகழ்ச்சி.
உலிஸெஸ் அதைக் காலண்டரில் குறித்துவைத்தான்.

சனிக்கிழமை நிடியாவின் பஸ்ஸில் போனேன்.
சிக்னலில் எஞ்சின் உறுமல் தாழ்ந்தது.
யாரும் பேசவில்லை.
பின் இருக்கையில் ஒருவர்
அடக்கி, அடக்கி,
முடியாமல்.

மேல் கண்ணாடியில் அவள் கண்கள் என்னைத் தேடின.
பச்சை விழுந்தும்
இன்னும் கொஞ்சம் நின்றாள்.