பதினைந்து என்று எழுதினேன்

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
முதல்முறை எத்தனை வயதில்?
பதினைந்து என்று எழுதினேன்.
டாக்டர் ஃபுர்ரரின் பேனை
அந்த எண்ணுக்கு மேலே கொஞ்ச நேரம்
இறங்காமல் நின்றது.

எவ்வளவு காலம் விட்டிருந்தீர்கள் என்பது பத்தாவது.
அதற்கு என்னிடம் மூன்று பதில்கள்:
ஏழு மாதம்.
நாலு வருடம்.
பதினொரு வருடம்.
கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதினேன்.

பிந்தித் தொடங்கியவர்கள் பலர்
திரும்பிப் போவதில்லை என்றார்.
சின்ன வயதில் தொடங்கியவர்களுக்குத்தான் கொஞ்சம்…
சொல் தேடினார்.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
டொச்சில் அதற்குப் பின்விழுதல் என்று பேர்,
என்னவோ கதிரையோடு மல்லாந்ததுபோல.

தொண்ணூற்று மூன்று, சூரிச்.
லெற்றன் ஸ்ரேசனில் ரயில் நின்றுபோய்
தண்டவாளம் முழுக்க ஆட்கள்.
அப்பா கோப்பை கழுவப் போன இரவுகளில்
வகுப்புத் தோழன் ரெட்டோ கூட்டிப்போனான்.
அவனுடைய கையுறையில் ஒன்று எனக்கு,
ஒன்று அவனுக்கு.
அன்றைக்குத்தான் இந்த நாட்டில்
முதன்முதலாக எனக்குக் குளிரவில்லை.

ரெட்டோவின் அண்ணன் முப்பது வயதில் தொடங்கினான்.
இரண்டு வருடத்தில் விட்டான்,
இப்போது பதின்மூன்றாம் இலக்க ட்ராம் ஓட்டுகிறான்.
ரெட்டோ இல்லை.

டொச்சும் நான் அதே வருடம்தான் படித்தேன்.
தொலைபேசியில் என் குரலை மட்டும் கேட்டவர்கள்
இங்கே பிறந்தவன் என்பார்கள்.
அப்பா படித்தது நாற்பத்தொரு வயதில்.
பென்சன் எடுத்த மறுமாதமே பாதி மறந்துவிட்டார்,
அவருடைய வாயில் அது வாடகைக்கு இருந்த மொழி.
எனக்கு அப்படியில்லை.
இரண்டையும்
உச்சரிப்புப் பிசகாமல் பேசுவேன்,
நித்திரையிலும்.

பதினொரு வருடம் முடிந்ததற்கு
சாவு காரணமில்லை, சண்டை காரணமில்லை.
பள்ளிக்கூடச் சமையலறையில்
லசாஞ்ஞாத் தட்டு மூட
அலுமினியத் தாள் கிழித்தேன்.
அந்தச் சத்தம் என்ன கேட்டது என்று
நான் விளங்கிக்கொள்ள முன்னமே
உடம்பு பதில் சொல்லிவிட்டது.

மறக்க மருந்து இருக்கிறதா என்றேன்.
மறக்க இல்லை, என்றார் டாக்டர்.
காலை ஏழரைக்கு வாருங்கள்.
நாளைக்கும்.
நாளையன்றைக்கும்.

இப்போது லெற்றனில் நீச்சல்.
மணல் கொட்டி வலைப்பந்து ஆடுகிறார்கள்,
பியர் விற்கிறார்கள்.
மகள் மிதுர்சனா கரையிலிருந்து
லிம்மாத்துக்குள் பாய்ந்து
தூரத்தில் ஏணி பிடித்து ஏறி வருகிறாள்.
அவளுக்குப் பதினைந்தாக இன்னும் ஐந்து கிழமை.

எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள்,
நீங்கள் மட்டும் ஏன் சப்பாத்தோடு? என்கிறாள்.

சீமெந்து சுடுகிறது என்றேன்.

ஈரப் பாதத்தை நன்றாக ஊன்றிப் பார்த்தாள்.
சுடவில்லை.