பக்கம் நாற்பத்தொன்று

ஔலு பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில்
பொதுக்கொள்கை ஆய்வு மையம்.
காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிய தாள்:
கடைசிக் கோப்பையை எடுப்பவர் அடுத்த குடுவை போடுக.
ஆறு முனைவர்கள் கூடி எழுதியது.
இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

மற்றவை வந்துவிடுகின்றன.

ஹில்க்கா ரௌத்தியோவின் அறிக்கை வந்தது,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், நீல அட்டை.
வடக்கே ஒரு சிற்றூர் மருத்துவமனையில்
பிரசவப் பிரிவை மூடலாம் என்றது.
அதில் பொய்யில்லை.
நாளுக்கொரு பிள்ளைகூடப் பிறக்காத இடத்தில்
கைக்குப் பழக்கம் விட்டுப்போகும்;
பெரிய இடத்தில் பிழைக்கிற உயிர் அதிகம்.
கூட்டிப் பார்த்தாள்,
தன்னைப் பிடிக்காத ஒருவரிடம் கொடுத்து
மறுபடி கூட்டச் சொன்னாள்.
விடை அசையவில்லை.

வரைபடத்தில் ஓர் எல்லை வரைந்திருந்தாள்.
சாலைகளைப் பிடித்துக்கொண்டு
நாலாபுறமும் கால் நீட்டிய நண்டு மாதிரி:
தொண்ணூறு நிமிடத்தில் வந்துசேரக்கூடிய வீடுகள்.
நண்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே வரி:
வழியில் நிகழும் பிரசவங்கள் சொற்பமாகவே இருக்கும்.

மூடினார்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில் ஓர் உறை வந்தது.
கடிதம் இல்லை, வசவும் இல்லை.
ஒரு டாக்சிக்காரரின் ரசீது மட்டும்:
பின்னிருக்கை கழுவிய கூலி, எண்பத்தைந்து யூரோ.
அடியில் பேனாவால்,
ப. 41.

பிப்ரவரியில் வாடகைக் கார் எடுத்து
அந்தச் சாலையில் தானே ஓட்டிப் போனாள்.
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
நடுச்சாலையில் நின்ற பனிமான்கள்
ஒலிப்பானுக்கு நகரவில்லை;
அவை எந்த மாதிரியிலும் மாறியாக இல்லை.
தொண்ணூறு என்று அவள் எழுதிய தூரம்
நூற்று முப்பத்து நான்கு நிமிடம் எடுத்தது.
அவளுக்கு வலி எதுவும் இல்லாதபோது.

தைஸ்தோ கெம்ப்பைனன் கோபப்படவில்லை.
பெட்ரோல் நிலையத்தின் மீன் தராசைக் காட்டினார்.
"இதில்தான் நிறுத்தோம். மூன்று கிலோ இருநூறு.
தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.
உங்கள் கணக்கில் இது
வெற்றிப் பக்கத்தில்தானே விழும்?"

ஆமாம். அங்கேதான் விழும்.
ரேடியோவில் வானிலை போட்டுவிட்டு
ஒரு கையால் ஓட்டி, மறுகையைப் பின்னால் நீட்டி
ஒரு பெண்ணின் முழங்காலைப் பிடித்திருந்த
அந்த இருபது நிமிடத்துக்கு
எந்த அட்டவணையிலும் நெடுவரிசை இல்லை.

இரண்டாம் பதிப்புக்கான கூட்டம்.
ஒரு சம்பவம் தரவு ஆகாது என்றார் இயக்குநர்.
இதுவரை நான்கு என்றாள்.
ஆயிரத்து முந்நூற்றில் நான்கு,
அப்படியானால் சொற்பம் சரியான சொல்தான் என்றார் புள்ளியியலாளர்.
சரிதான் என்று ஒத்துக்கொண்டாள்.
வரியையே எடுத்துவிடலாம் என்றாள்
புதிதாகச் சேர்ந்த சானா; மனம் இளகியவள்.
அது இன்னும் மோசம்.

சொற்பம்.
பாதியில் மென்றால் அற்பம் என்று ருசிக்கிறது.

முடிவுரையை அவள் மாற்றவில்லை.
மூடியது சரி என்றே இன்னும் நினைக்கிறாள்,
நினைத்துவிட்டுச் சில இரவு தூங்குவதில்லை.
அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு
நான்கு என்று எழுதினாள்,
எண்ணில் இல்லை, எழுத்தில்.
கீழே நான்கு தேதிகள்,
நான்கு சாலை எண்கள்,
ஒரு மீன் தராசு.

ரசீதைக் கணக்குப் பிரிவுக்குக் கொண்டுபோனாள்.
தன் பணத்தில் கொடுத்திருக்கலாம்தான்.
மையத்தின் ஏட்டில் ஏறட்டும் என்று நினைத்தாள்.
இர்மெலி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எந்தத் தலைப்பில் போட என்றாள்.

பயணச் செலவு.

யாருடைய பயணம்?

படிவம் இன்னும் அந்த மேசையில் கிடக்கிறது.
பக்கத்தில் காலிக் குடுவை.