ஆறு மணிக்கூடுகள்

கலியாணத்துக்கு வந்தவை ஏழு.
ஒன்றைச் சுவரில் மாட்டினோம்.
மிச்சம் ஆறும் கட்டிலுக்குக் கீழே,
பற்றரி போடாததால்
எங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லாமல்.

கல்லடியில் இரண்டறை வாடகை வீடு.
தொட்டிலுக்கு இடம் தேடிய மாதம்
துஷி சொன்னார்: ஏலத்தில் போடுவோம்.

வெள்ளை விரிப்பில் கிடத்தி
ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன்.
ஆறும் ஆறு நேரம் காட்டின.
'பொருளின் நிலை' என்ற கட்டத்தில்
புதியது, பாவித்தது, இரண்டே தெரிவு.
பிரித்துப் பார்த்துவிட்டு
பிடிக்காமல் மூடிவைத்ததற்கு
அங்கே ஒரு சொல் இல்லை.
புதியது என்று அழுத்தினேன்.
ஆரம்ப விலை ஒரு ரூபாய்.
முடிவு, ஞாயிறு இரவு ஒன்பது.

முதல் நாள் நாற்பத்திரண்டு பேர் பார்த்தார்கள்,
ஒருவரும் விலை கேட்கவில்லை.
என்னைப் பெண் பார்க்க வந்து
பயற்றம்பணியாரம் தின்றுவிட்டு
யோசிச்சுச் சொல்றம் என்று போனவர்கள்
நினைவுக்கு வந்தார்கள்.

மயில் வரைந்ததற்கு
ஏறாவூர் றிஸ்மியா முந்நூறு கேட்டாள்.
"சத்தம் போடுமா? பிள்ள படுக்கிற அறைக்கு."
பற்றரி போட்டு, காதோடு வைத்துப் பார்த்து
எழுதினேன்: "போடும். கிட்டப் போனாத்தான்."
சம்மாந்துறைக்காரன் ஒருவன்
ஆறையும் அள்ளி ரெண்டாயிரத்துக்குத் தா என்றான்.
பதில் போடவில்லை.
வேண்டாத பொருள்தான், அதற்காக?

சனிக்கிழமை
பொன் விளிம்பும் ஆடும் குண்டும் வைத்த பெரியதுக்கு
ஆயிரத்து ஐந்நூறு விழுந்தது.
பெயரைப் பார்த்தேன்.
பூபாலபிள்ளை.
எங்கள் கந்தோர் பிரதம லிகிதர்.
அதைத் தந்தவரே அவர்தான்.

ஒருவர் விலை சொன்ன பிறகு
அழிக்க முடியாதாம், விதி.
மின்விசிறிக்குக் கீழே வேர்த்தேன்.
துஷி சிரித்த சிரிப்புக்கு
பக்கத்து வளவு நாய் குரைத்தது.

வேறு யாரும் எடுத்தால் தப்பலாம்.
அக்காவின் கணக்குக்குள் நுழைந்து
நானே ஆயிரத்து எண்ணூறு கேட்டேன்.
இரண்டாயிரம் என்றார்.
இரண்டாயிரத்து இருநூறு.
இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார், மனிதர்.
ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் கிடக்க
கரண்ட் போனது.
வந்தபோது திரையில் வாழ்த்து:
உங்கள் பொருள் விற்கப்பட்டது.

கணக்கு துஷியின் பெயரில்.
"உங்கட ஆள், நீங்களே குடுங்க" என்று
தொட்டிலுக்கு ஆணி அடிக்கப் போய்விட்டார்.

திங்கள் நாலரைக்கு, கல்லடிப் பாலத்தடி.
என்னைக் கண்டதும் பூபாலபிள்ளை
ஹெல்மெட்டைக் கழற்றவா வேண்டாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"ஓடுமா பிள்ள?"
"ஓடும் சேர்."
இரண்டு பேரும்
வாவியைப் பார்த்தோம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பெட்டியைப் புரட்டி, தன் பெயர் எழுதிய தாளை
நகத்தால் உரித்தார்.
அதன் அடியில் இன்னொரு தாள்,
மை மங்கி:
அன்பளிப்பு, நல்லரெத்தினம் குடும்பம், களுவாஞ்சிகுடி.
அதை உரிக்கவில்லை.
"ஞாயிறு அவர் சாப்பாட்டுக்கு வாறார்.
போன தரமே கேட்டவர், நான் தந்த மணிக்கூடு எங்க எண்டு.
திருத்தக் குடுத்திரிக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

பிறகு நோட்டுகளை எண்ணியபடி,
"ஆரோ ஒரு அறுதலி, பிள்ள,
சும்மா கிடந்த விலைய ஏத்திட்டாள்."

ஓம் சேர் என்றேன்.
ஆயிரம் ரூபாய் என் கைக்குள் சுட்டது.
கொமிஷன் கழித்தார்கள், மிச்சம் இது என்று
எதையாவது சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.
வாய் வரவில்லை. ஓடிப்போய்
பெட்டிக்கடையில் புதுப் பற்றரி வாங்கி
போட்டுக் கொடுத்தேன்.

மோட்டார்சைக்கிள் பாலம் ஏறியது.
பள்ளத்தில் விழுந்து எழும்பிய இடத்தில்
பெட்டிக்குள்ளிருந்து
நாலே முக்காலுக்கு
பதினொன்று அடித்தது.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டில் பொருந்திவிட்டது, ஒரு கால் மட்டும் ஆட்டம்.
மயிலை எடுக்க றிஸ்மியா
இன்னும் வரவில்லை.