கடைவாய்ப் பல்

வலது கீழ்க் கடைவாயில்
கண்ணாடிக் குச்சியை நிறுத்திக் கேட்கிறாள்
இந்த இளம் பல் மருத்துவர்:
“யார் பிடுங்கியது இதை?
சுத்தமான வேலை. வேர்த் துணுக்குகூட மிச்சமில்லை.”

வாய் திறந்திருக்கிறது.
பதில் சொல்ல வழியில்லை.

மக்ரோனிசோஸ். நாற்பத்தொன்பது, பிப்ரவரி.
தீவென்றால் மரம் இருக்குமென்று நினைத்திருந்தேன்.
காற்றுதான் இருந்தது,
கூடாரக் கயிறுகளைக் கடித்து இழுக்கும் காற்று.
எனக்கு இருபது வயது. தோளில் துப்பாக்கி.
கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது.

கல் சுமந்து போனவர்களில் ஒருவன்
கல்லை இறக்காமலே சொன்னான்:
“சீழ் வைத்துவிட்டது. கிராம்பு கிடைத்தால் கடித்துக்கொள்.”
ஸ்தாமாதிஸ். வோலோஸ் துறைமுகத்தில் பல் வைத்தியன்.
கைதியோடு பேசினால் பத்து நாள் தனியறை.
வலிக்குச் சட்டம் தெரியாது.

மூன்றாம் இரவு, சமையல் கூடாரத்துக்குப் பின்னால்.
முள்வேலி முறுக்கும் குறடு
தீயில் காட்டி, ஊஸோவில் முக்கி.
துப்பாக்கியை எங்கே வைப்பதென்று விழித்தேன்.
“மடியிலேயே இருக்கட்டும்” என்றான்,
“பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே.”

என் நாக்கின் மேல் அவன் விரல்கள்.
கல்தூசியின் ருசி.
இரண்டு விரல்களில் நகமில்லை.
யார் பிடுங்கியது என்று நான் கேட்கவில்லை.
வாய் திறந்திருந்தது.

பிறகு இரவுக் காவல்களில் ஆளுக்குப் பாதி சிகரெட்.
எங்கள் மெத்சோவோ பாலாடைக்கட்டியின் புகைநாற்றம் பற்றி நான்.
விழுந்த பால்பல்லை ரொட்டியோடு விழுங்கிவிட்டு
நாள் முழுக்க அழுத மகளைப் பற்றி அவன்.
எதிர்க்கரையில் லாவ்ரியோவின் விளக்குகள்
நனைந்த தீக்குச்சிகள் போல.
லாந்தரைத் தூக்கி “சிரி” என்பான்.
குழி ஆறிவிட்டதா என்று பார்ப்பதற்கு.

ஏப்ரலில் தாள் வந்தது.
மனம் திருந்திவிட்டேன் என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு.
“போட்டுவிடேன், ஸ்தாமாதிஸ். ஒரு கையெழுத்துதானே.”
“ஒரு பல்தானே என்று
அன்று உன்னிடம் நான் சொன்னேனா?”

மேஜர் எட்டுப் பேரைக் கூப்பிட்டார். எட்டு மூங்கில் தடிகள்.
நான் ஐந்தாவது.

தோளைத்தான் குறிவைத்தேன் என்று
நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்,
மனைவியிடம், பாதிரியாரிடம், ஒருமுறை
பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம்.
அவன் திரும்பிவிட்டான்.
அல்லது திரும்பவில்லை.
என்னைப் பார்த்தான், அது மட்டும் நிச்சயம்.
அவன் வாயிலிருந்து மண்ணில் விழுந்தவற்றை
யாரும் எண்ணவில்லை.

மறுநாள் படகு. எங்கே கொண்டுபோனார்கள்
என்று கேட்டிருக்கலாம்.

“பாலம் கட்டிவிடலாமே” என்கிறாள்,
“சாப்பிட வசதியாக இருக்கும்.”
வேண்டாம் என்று தலையசைக்கிறேன்.
குச்சியை எடுத்ததும்
எல்லாப் பல் மருத்துவர்களிடமும் கேட்பதைக் கேட்கிறேன்:
“சொந்த ஊர் வோலோஸா, அம்மா?”
“இல்லை, கவாலா.”

மூச்சு விடுகிறேன்.
கொப்பளிக்கச் சொல்கிறாள். கொப்பளிக்கிறேன்.
தண்ணீர் தெளிவாகத்தான் போகிறது.